ஒரு கோடி ரூபாய் ஸ்பீக்கரும் மொரப்பூர் மைக்செட்டும்

நல்லா பாட்டு கேக்கறதுக்கு ஒரு மனுசன் எவ்ளோ செலவு பண்ணலாம்? எவ்ளோ வேணா பண்ணலாம், அவங்கவங்க காசு, அவங்கவங்க காது. ஆனா அந்தக் காசு எங்க போகணும்ங்கறதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு. பெட்டிக்குக் கடைசியா போகணும். முதல்ல பாட்டோட மூலப்பதிவுக்கு, அப்புறம் ரூமுக்கு, மிச்சம் இருந்தா பெட்டிக்கு. ஆடியோ பைத்தியங்கள் கல்லெடுத்து அடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் விளக்கிடறேன் :-)

ஆபீஸ் வேலையா ஜெர்மனிக்கு அனுப்பி வெச்சிருந்தாங்க. ஆணி புடுங்கின நேரம் போக 2025 மே மாசம் மியூனிக்ல நடந்த 'ஹை எண்ட்' கண்காட்சிக்குப் போயிருந்தேன். வீட்டுல வெச்சுக் கேக்கற உசத்தி ரக ஆடியோ சாதனங்களுக்கான காட்சிகள்ல உலக அளவுல பெரிய பேர் அதுக்குத்தான். ஹை எண்ட் சொசைட்டிங்கற ஜெர்மன் அமைப்பு 1982லேர்ந்து நடத்துது. 2004லேர்ந்து மியூனிக்ல எம்.ஓ.சி.ங்கற கட்டடத்துல நடந்துச்சு. 2025 மே 15லேர்ந்து 18 வரைக்கும் நடந்ததுதான் மியூனிக்ல கடைசி. 2026க்கு வியன்னாவைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. நாலு நாள்ல 20 ஆயிரத்துக்கும் மேல கூட்டம், சுமார் 500 கம்பெனிகள். திருவிழாதான். ராட்டினமும் பஞ்சு மிட்டாயும் மட்டும்தான் இல்ல.

எப்படி இருக்கும்னா, கீழ பெரிய ஹால்கள்ல தடுப்பு வெச்சு கேபின் போட்டிருப்பாங்க. மேல கண்ணாடிச் சுவர் வெச்ச ரூம்கள். ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் இருபது முப்பது சேர், எதிர்ல ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், நடுவுல ஒளிர்ற வால்வுகளோட ஆம்ப்ளிஃபையர், தரையில பாம்பு மாதிரி தடிமனா கேபிள். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு ஜோடி ஸ்பீக்கரே ஒரு லட்சம் யூரோவுக்கு மேல போகும். நம்ம காசுக்கு ஏறக்குறைய ஒரு கோடி. அதுல ஓடற பாட்டு பெரும்பாலும் ஒரே வகை. ஒரு பொண்ணு மெதுவா பாடும், ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ். பத்து ரூம் ஏறி இறங்கினா அதுல ஏழு ரூம்ல இதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, சத்தம் அருமை. சில ரூம்கள்ல பாடறவங்க மூச்சு இழுக்கறது வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல, ஒரு ஆள் நிக்கற மாதிரியே இருந்துச்சு. இதைப் பொய்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்.

பிரச்சினை அந்தச் சத்தம் எதனால வருதுங்கறதுலதான். விலைச்சீட்டைப் பாத்தா பெட்டியாலயும் கேபிளாலயும் வருதுன்னு நினைக்கத் தோணும். ஆராய்ச்சி பண்ணினவங்க வேற மாதிரி சொல்றாங்க.

1987 ஜனவரியில அமெரிக்காவோட 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு சோதனை பண்ணுச்சு. சுமார் 220 டாலர்லேர்ந்து 12 ஆயிரம் டாலர் வரைக்கும் ஆறு ஆம்ப்ளிஃபையர், 25 பேர். எது ஓடுதுன்னு தெரியாம கேட்டுச் சொல்லணும். முடிவு, காசு சுண்டிப் போட்டுச் சொன்ன மாதிரிதான் வந்துச்சு. 1994ல ஹார்மன் கம்பெனியில ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர்களை வெச்சு இதே மாதிரி பண்ணினாங்க. கேட்டவங்க அந்தக் கம்பெனியோட ஆளுங்களேதான். ஸ்பீக்கரைக் கண்ணால பாத்துக்கிட்டு மார்க் போட்டப்ப பெருசா பளபளன்னு இருந்ததுக்கு மார்க் ஏறுச்சு, சின்னதா விலை கம்மியா இருந்ததுக்கு இறங்குச்சு. திரை போட்டு மறைச்சதும் அந்த வித்தியாசம் பெருமளவு கரைஞ்சு போச்சு. 2007ல மேயரும் மோரனும் உசத்தித் தர டிஜிட்டல் பதிவையும், அதையே சாதா சி.டி. தரத்துக்கு இறக்கினதையும் மாத்தி மாத்திப் போட்டுக் காட்டினாங்க. 554 தடவை கேட்டதுல 276 தடவை சரி. 49.8 சதவீதம். கண்ணை மூடிக்கிட்டு குத்துமதிப்பா சொன்னாலே 50 வரும்!

இதெல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடற கூத்து 2022ல நடந்துச்சு. அமெரிக்காவுல மொபைல் ஃபிடெலிட்டின்னு ஒரு கம்பெனி. மாஸ்டர் டேப்லேர்ந்து முழுக்க முழுக்க அனலாக்கா வெட்டின இசைத்தட்டுன்னு நம்பி ரசிகர்கள் கொட்டிக் கொடுத்தாங்க. 2011லேர்ந்தே பல தட்டுகள்ல நடுவுல ஒரு டிஜிட்டல் படி இருந்துச்சுன்னு 2022 ஜூலையில வெளிய வந்துச்சு. டிஜிட்டலைப் பத்து அடி தூரத்துலயே மோப்பம் பிடிப்போம்னு சொன்ன ஜாம்பவான்கள்தான் பத்து வருசமா அந்தத் தட்டுகளைக் கேட்டு உருகினாங்க. கோர்ட், கேஸ், சுமார் 2.5 கோடி டாலர் சமரசம்னு முடிஞ்சுது. ஏமாத்தினது தப்புதான். ஆனா அந்தத் தட்டுகள் நல்லா இருந்துச்சுங்கறதும் நிஜம். ஏன்னா நல்ல டேப்பைத் தேடிப் பிடிச்சு, கவனமா எடுத்திருந்தாங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

அடுத்தது ரூம். நம்ம ஊர் வீடுகள்ல பன்னெண்டு அடிக்குப் பன்னெண்டு அடி ரூம் சகஜம். பன்னெண்டு அடி இடைவெளியில எதிரெதிர் சுவர் இருந்தா சுமார் 47 ஹெர்ட்ஸ்ல ஒலி அலை முட்டி மோதி நின்னுடும். அந்த ஸ்வரம் வர்றப்ப மட்டும் பேஸ் 'டொம்'னு ஊதும். நீளமும் அகலமும் ஒண்ணாவே இருந்தா ரெண்டு பக்கமும் சேர்ந்து ஊதும். ஒரு கோடி ரூபாய் ஸ்பீக்கரைக் கொண்டாந்து வெச்சாலும் ஊதும், இன்னும் சுத்தமா ஊதும். மொசைக் தரை, சிமெண்ட் சுவர், இரும்பு பீரோ, எல்லாம் சத்தத்தைத் திருப்பி மூஞ்சியில அடிக்கற சமாச்சாரங்கள். மியூனிக்ல பாதிப் பேர் கண்ணாடி ரூமுக்குள்ள மூட்டை மூட்டையா சத்தம் உறிஞ்சற பலகைகளைக் கொண்டாந்து அடுக்கினதுக்கும் இதான் காரணம். நம்ம வீட்டுல ஒரு மெத்தை, புத்தக அலமாரி, தரையில ஜமுக்காளம், ஸ்பீக்கரை மூலையிலேர்ந்து ரெண்டடி தள்ளி வெக்கறது, இவ்ளோ பண்ணினாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அப்புறம் 120 டெசிபல் டைனமிக் ரேஞ்ச்னு விளம்பரம் பண்ணுவாங்க. மொரப்பூர்ல எங்க வீட்டுல ஃபேன் ஓடினாலே 40, 45 டெசிபல் வந்துடும். வீட்டுல திட்டு வாங்காம வெக்கற உச்ச சத்தம் 90, 95. மிச்சம் இருக்கறது 50தான். சி.டி.யே 96 டெசிபல் தரும். அதுலயும் ஜோலார்பேட்டை - சேலம் லைன்ல ஒரு கூட்ஸ் வண்டி தடதடன்னு போச்சுன்னா 50ம் போச்சு. நூத்தி இருபதை வெச்சுக்கிட்டு நான் என்ன, ஊறுகாயா போடப் போறேன்?

சரி, முக்கியமான மேட்டருக்கு வர்றேன்.

ஹை எண்ட்காரங்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு. மைக் இல்லாம நேர்ல வாசிக்கற இசைதான் அளவுகோல், வீட்டுல அதுக்கு எவ்ளோ கிட்ட வருதுன்னு பாக்கணும். ஹாரி பியர்சன் 1973ல ஆரம்பிச்ச பத்திரிகைக்கு 'தி அப்சல்யூட் சவுண்ட்'னு பேர் வெச்சதே இந்த அர்த்தத்துலதான். மேற்கத்திய செவ்வியல் இசைக்கு இது பொருந்தும். கச்சேரிக்கும் ஓரளவு பொருந்தும். நம்ம சினிமாப் பாட்டுக்கு? ஒரு எண்பதுகள் இளையராஜா பாட்டை எடுத்துக்கோங்க. அந்த எக்கோ, அந்த வயலின் கூட்டத்துக்கு மேல தெளிவா நிக்கற குரல், இதெல்லாம் எந்த மேடையிலயும் இயற்கையா நடந்தது இல்ல. ஸ்டுடியோவுல என்ஜினீயர் கலந்து டேப்புல இறக்கினதுதான். அதாவது, நமக்கு 'அசல்'னு ஒண்ணு இருந்தா அது அந்த மாஸ்டர் டேப் மட்டும்தான். அதைத் தாண்டி அசலே கிடையாது.

இப்ப நான் மியூனிக்ல பண்ணின வேலையைச் சொல்றேன். பென் டிரைவ்ல நாலு தமிழ்ப் பாட்டு கொண்டு போயிருந்தேன். கடையில காசு கொடுத்துத் தரவிறக்கினது. ரூம் ரூமா போய் 'இதைப் போடுங்களேன்'னு கேட்டேன். நிறையப் பேர் சிரிச்சுக்கிட்டே மறுத்துட்டாங்க. ஒரு சின்ன ரூம்ல இருந்த பெரியவர் மட்டும் கூட்டம் குறையட்டும்னு இருக்கச் சொல்லிட்டு, சாயங்காலமா போட்டார். வயலின் எல்லாம் ஒட்டிப்போன சேமியா மாதிரி. உச்சத்துல குரல் கரகரங்குது. அவர் ஒரு நிமிசம் கேட்டுட்டு, வாசிப்பு பிரமாதம், அடியில இருக்கற பதிவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா டேப்லேர்ந்து எடுத்த விதம்தான் சரியில்லன்னு சொன்னார். அதோட நிறுத்தல. இதோட அசல் டேப் யார்கிட்ட இருக்குன்னு கேட்டார்.

பதில் சொல்ல முடியல. நீங்க சொல்லுங்க பாப்போம். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பழைய பாட்டோட மாஸ்டர் டேப் எங்க இருக்கு?

ஊருக்கு வந்ததும் ஒரே பாட்டோட மூணு நாலு பதிப்பை ஆடாசிட்டியில போட்டுப் பாத்தேன். ஒண்ணுல அலையோட தலையை ரம்பத்தால வெட்டின மாதிரி இருக்கு, சத்தமா கேக்கணும்னு ஏத்து ஏத்துன்னு ஏத்தியிருக்காங்க. இன்னொண்ணு டேப் வேகம் மாறி, சுருதி ஏறிக் கிடக்கு. மூணாவதுல இரைச்சலைக் குறைக்கறேன்னு ஜால்ராவையே காணாம அடிச்சுட்டாங்க. இதுல எதைப் போட்டு ஒரு கோடி ரூபாய் ஸ்பீக்கர்ல கேப்பீங்க? ஸ்பீக்கர் நல்லா இருக்க இருக்க அந்த ஓட்டை இன்னும் பெருசா தெரியும், அவ்ளோதான்.

டேப்புக்கு ஆயுசு உண்டு. எழுபது எண்பதுகள்ல வந்த சில ரக ஸ்டுடியோ டேப்கள்ல காந்தத் துகளைப் பிடிச்சிருக்கற பிசின் ஈரத்தைக் குடிச்சுப் பிசுபிசுன்னு ஆயிடும். சுமார் 50 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா வெச்சு உலர்த்தினாத்தான் ஓட்டவே முடியும். சென்னை மாதிரி உப்புக்காத்து ஊர்ல அதோட கதியை யோசிங்க. பணக்கார நாட்டுலயும் இதே கதிதான். 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட்ல யுனிவர்சல் வளாகத்துல தீ பிடிச்சு ஏகப்பட்ட மாஸ்டர் டேப் எரிஞ்சுது. எவ்ளோ பெரிய இழப்புன்னு 2019ல பத்திரிகை எழுதினப்புறம்தான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சுது.

காப்பாத்தினா ஜனம் வரும்ங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. 1964ல வந்த 'கர்ணன்' படத்தைச் சுத்தம் பண்ணி 2012ல திரும்ப விட்டாங்க. புதுப்படம் மாதிரி நூறு நாள் தாண்டி ஓடுச்சு. படச்சுருளைக் காப்பாத்த 2014ல ஆரம்பிச்ச ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 2017ல சென்னையிலயே பயிற்சிப் பட்டறை நடத்துச்சு. பாட்டு நாடாவுக்கும் இதே அளவு சத்தம் போடணும்ங்கறதுதான் என் கட்சி.

இங்கதான் எங்க ஊர் மைக்செட் மாமா வர்றார். சொந்த மாமா இல்ல, ஊரே மாமான்னு கூப்பிடும். அறுவது வயசு தாண்டியாச்சு. எண்பதுகள்லேர்ந்து கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகைன்னு மொரப்பூர் சுத்துவட்டாரத்துல குழாய் கட்டினவர். காலையில சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல பிள்ளையார் பாட்டு கேட்டா மாமா வேலையை ஆரம்பிச்சுட்டார்னு அர்த்தம். மியூனிக்ல எடுத்த போட்டோவைக் காட்டினேன். அதுல ஒரு ரூம்ல 1930கள்ல அமெரிக்க சினிமா தியேட்டர்ல மாட்டியிருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கூம்புகள். சில்பாடோன்னு ஒரு கொரியக் கம்பெனி மியூனிக்குக் கொண்டாந்து வெக்கறது வழக்கம். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையருக்குச் சக்தி கம்மி. 300பிங்கற புகழ்பெற்ற வால்வே எட்டு வாட்தான் தரும். அதை வெச்சு தியேட்டரை நிரப்பணும்னா கூம்பு இல்லாம ஆகாது. மாமா புளியமரத்துல குழாய் கட்டினதுக்கும் அதே இயற்பியல்தான். ஊர்ல குழாய்க்குத் தடை, அங்க அதுக்கு சோபா போட்டு மரியாதை :-)

விலையைச் சொன்னதும் மாமா கேட்டார்.

"ஒரு கோடிக்கு ஸ்பீக்கரா? எத்தனை ஊருக்குக் கேக்கும் மாப்ள?"

"ஊருக்கெல்லாம் இல்ல மாமா. ஒரு ஆளுக்கு. நடுவுல ஒரு சேர் போட்டிருப்பாங்க. அதுல உக்கார்றவருக்குத்தான் முழுசா சரியா கேக்கும்."

"பக்கத்துல உக்கார்றவன்?"

"அவருக்குக் கொஞ்சம் கம்மிதான்."

கொஞ்ச நேரம் போட்டோவையே பாத்தார். "அங்க இத்தனை மெஷின் இருந்துச்சுங்கற. பழைய கேசட்டு பூஞ்சை பிடிச்சா சரி பண்ற மெஷின் எதுனா பாத்தியா?"

அவர்கிட்ட ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட் இருக்கு. சினிமாப் பாட்டு போனாப் போகுது, வேற யாராச்சும் வெச்சிருப்பாங்க. மாமா பண்ணின காரியம் வேற. ராத்திரி பூரா தெருக்கூத்து நடக்கறப்ப மைக்செட் அவரோடது. ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து நேரா ஒரு டேப் ரிக்கார்டருக்கு ஒயர் போட்டுப் பதிஞ்சு வெச்சிருக்கார். ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, கட்டியங்காரன் அடிச்ச உள்ளூர் ஜோக்கு வரைக்கும் எல்லாம் அதுல இருக்கு. ஆடினவங்கள்ல பாதிப் பேர் இப்ப உசிரோட இல்ல. அந்தக் கேசட்டுக்கு மாஸ்டர் வேற எங்கயும் கிடையாது. அதுவேதான் மாஸ்டர். கூரை ஒழுகற ரூம்ல, இரும்புப் பெட்டிக்குள்ள.

ஆறு மாசமா சனி ஞாயிறுல அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். பழைய கேசட் டெக் ஒண்ணு 9 ஆயிரம், கம்ப்யூட்டர்ல இணைக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ் 8 ஆயிரம், ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பட்ஸும். மொத்தம் 20 ஆயிரத்துக்குள்ள. மியூனிக்ல அந்தக் காசுக்கு ஒரு அடி கேபிள் கூடத் தராத கடைகள் உண்டு. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டோட சாய்வை சின்ன ஸ்க்ரூ டிரைவரால சரி பண்ணணும். காது வெச்சுத் திருப்பிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல முகவீணை 'பளிச்'சுன்னு முன்னாடி வந்து நிக்கும். ஒரு கோடி ரூபாய் ஸ்பீக்கர் முன்னாடி உக்காந்தப்ப எனக்கு அந்தச் சிலிர்ப்பு வரல. இதுல வந்துச்சு. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உலக ஒலிக்காப்பகங்கள் பின்பற்றற முறை இதான். ஒரு 60 நிமிச கேசட் சுமார் 2 ஜிபி வரும். 43 கேசட் முடிஞ்சிருக்கு. ரெண்டு கேசட்டைக் காப்பாத்த முடியல, நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு.

போன மாசம் ஒரு கூத்துக் கலைஞரோட பேரன் வந்தான். தாத்தா குரலை அவன் கேட்டதே இல்ல. போன் ஸ்பீக்கர்லதான் போட்டுக் காட்டினேன். அதுக்கு மேல ஒண்ணும் தேவைப்படல.

உசத்தி ஆடியோ வேணாம்னு நான் சொல்லல. நல்ல ஸ்பீக்கர் நல்லதுதான். கொச்சிக்காரர் ஜேக்கப் ஜார்ஜ் பண்ற ரீதம் ஸ்பீக்கர்களும், 1970லேர்ந்து கொல்கத்தாவுல இருக்கற சோனோடைனும் நம்ம நாட்டுச் சரக்குதான், பெருமையா இருக்கு. ஆனா பெட்டிக்கு இருக்கற சந்தை பதிவுக்கு இல்ல. பெட்டியை விக்க கண்காட்சி இருக்கு, பத்திரிகை இருக்கு, விமர்சகர் இருக்கார். டேப்பைக் காப்பாத்தறது பல நேரம் தனி மனுசங்க தலையிலதான் விடியுது. சென்னையில வி.ஏ.கே. ரங்காராவ் வாழ்க்கை பூரா இசைத்தட்டு சேத்தார்ங்கறதாலதான் எத்தனையோ பழைய பாட்டு இருந்ததுக்கே சாட்சி இருக்கு.

அதனால என் கோரிக்கை இவ்ளோதான்:

1. பாட்டு விக்கற கம்பெனிகள் எந்த டேப்லேர்ந்து, எந்த வருசம் எடுத்ததுன்னு ஒரு வரி போடணும். ஊறுகாய் பாட்டில்லயே பேக் பண்ணின தேதி இருக்கு. நாம கேட்டாத்தான் போடுவாங்க.

2. ஆடியோ கடைக்கோ காட்சிக்கோ போனா உங்க பாட்டை எடுத்துட்டுப் போங்க. அவங்க போடற பியானோ எதுலயும் நல்லாத்தான் இருக்கும்.

3. உங்க ஊர்லயும் ஒரு மைக்செட் மாமா இருப்பார். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அவர் பெட்டியில என்ன இருக்குன்னு பாருங்க. பதியறப்ப எந்த எஃபெக்டும் போடாத கச்சா காப்பி ஒண்ணைத் தனியா, ரெண்டு இடத்துல வெயுங்க. ஊர், தேதி, ஆடினவங்க பேரைக் கூடவே எழுதி வெயுங்க. பேர் இல்லாத கோப்பு பத்து வருசத்துல அநாதை ஆயிடும். வெளிய பகிர்றதுக்கு முன்னாடி கலைஞர்களையோ குடும்பத்தையோ ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

டிஸ்கி: கேபிள் மாத்தினா சத்தம் மாறுதுன்னு சொல்றவங்க மொரப்பூருக்கு வரலாம். கண்ணைக் கட்டிக்கிட்டு இருபதுக்குப் பதினாறு சரியா சொன்னா பிரியாணி என் செலவு. சொல்லலைன்னா மாமா பெட்டியில மிச்சம் இருக்கற கேசட்டுல அஞ்சு உங்க பங்கு.